மாட்டுத் தீவனம் படிக்கப் போகிறேன் என்று மகள் சொன்னால்

அம்மா, உங்கள் மகள் கால்நடை மருத்துவம்கூட வேண்டாம், இறைச்சி மாட்டுப் பண்ணைகளுக்குத் தீவன ஆலோசகராகப் போகிறேன் என்கிறாள், இதை வைத்துப் பிழைக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். ஆனால் அது என்ன வேலை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்தால் மேய்ச்சல் நின்றுவிடும். அங்கே இறைச்சிப் பண்ணையில் இருக்கும் தாய்ப்பசுவை யாரும் கறப்பதில்லை, பால் முழுக்கக் கன்றுக்குத்தான், அந்தக் கன்றுதான் வருமானம். மாதக்கணக்கில் கொட்டிலில் நிற்கும் பசுவுக்குச் சைலேஜும் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த பசுந்தீவனம்) வைக்கோலும்தான் சாப்பாடு. 650 கிலோ பசு ஒரு நாளைக்குத் தன் எடையில் சுமார் 2 சதவீதம், அதாவது 13 கிலோ உலர்பொருள் (தீவனத்தில் நீர் போக மிஞ்சுவது) தின்னும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சைலேஜ் மட்டும் போடுவதாக வைத்துக்கொண்டால், அதில் உலர்பொருள் 25 சதவீதம் என்றால் 52 கிலோ போட வேண்டும், 35 சதவீதம் என்றால் 37 கிலோ போதும். பரிசோதிக்காமல் கண்ணளவில் அள்ளிப் போட்டால் எவ்வளவு பிசகும் பாருங்கள்.

கணக்கை யாரும் கற்றுக்கொள்ளலாம், கைப்பழக்கம்தான் கஷ்டம். குளிர்காலத்து அடர்ந்த ரோமம் மெலிவை மறைத்துவிடும். அதனால் கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். எலும்பு முனை கூர்மையாகத் தட்டுப்பட்டால் மெலிவு, நன்றாக அழுத்தியும் தட்டுப்படாவிட்டால் கொழுப்பு கூடிவிட்டது. இதற்கு 1 (மிக மெலிவு) முதல் 5 (மிகக் கொழுப்பு) வரை மதிப்பெண் உண்டு, கன்று ஈனும்போது 2.5 அல்லது 3 இருந்தால் நல்லது. கொழுத்த பசுவுக்கு ஈற்று சிரமம், மெலிந்தது அடுத்த சினைக்கு வரத் தாமதமாகும்.

அப்புறம் இனத் தேர்வு. காலோவே, ஹைலேண்ட் போன்றவை சுமாரான தீவனத்திலும் குளிரைத் தாங்கும். சாரோலே இனத்துக் கன்று எடை கூடும், ஆனால் அந்தப் பெரிய உடம்பு தீவனமும் அதிகம் கேட்கும், அந்தக் காளையை முதல் ஈற்றுக் கிடேரிக்குச் சேர்த்தால் பிரசவத்தில் தாயும் கன்றும் படும் பாடு கொஞ்சமல்ல. எது உயர்ந்த இனம் என்று கேட்பவர்தான் அதிகம், இந்தப் பண்ணைப் புல்லுக்கு எது தாங்கும் என்று கேட்கத் தெரிந்தவருக்குத்தான் வேலை காத்திருக்கிறது.

வேதியியல், உயிரியல், கணக்கு மூன்றையும் அவள் விடாமல் படிக்கட்டும், பட்டம் கால்நடை அறிவியலிலோ வேளாண்மையிலோ இருக்கலாம். சேருவதற்கு முன் ஒரு குளிர்காலம், மாடுகளைக் கொட்டிலில் கட்டுவதிலிருந்து கடைசிக் கன்று விழும்வரை, ஒரு பண்ணையில் வேலை பார்க்க அனுப்புங்கள். நடுராத்திரி ஈற்றுக்கு எழுந்து ஓடிய பிறகும் இதே படிப்புதான் வேண்டும் என்றால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.