கார்ன்வாலில் பாஸ்டி: பெயரைப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: லண்டனில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். செப்டம்பரில் மூன்று நாள், இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் இருக்கும் கார்ன்வால் போக ஆசை. கார் கிடையாது. கணவர் முட்டைகூடத் தொடாத சைவம். நான் மீன் சாப்பிடுவேன், மாட்டிறைச்சி ஆகாது. எங்கே தங்கலாம்? அந்த ஊர்ப் பாஸ்டியை நாங்கள் ருசி பார்க்க வழியுண்டா?

பதில்: பாஸ்டியிலிருந்தே தொடங்குகிறேன். பார்வைக்கு நம் சோமாசியின் பெரியண்ணன்: அரைவட்டம், ஓரத்தில் மடித்து மடித்து முறுக்கிய விளிம்பு. பலகையில் ‘கார்னிஷ் பாஸ்டி’ என்றிருந்தால் உள்ளே மாட்டிறைச்சிதான், கேட்கவே வேண்டாம். 2011இல் கிடைத்த புவிசார் குறியீட்டின்படி மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், உள்ளூரார் டர்னிப் என்று சொல்லும் மஞ்சள் நிற ‘ஸ்வீட்’ (swede) கிழங்கு ஆகியவற்றைப் பச்சையாகவே மாவில் பொதிந்து, கார்ன்வாலுக்குள் செய்தால்தான் அந்தப் பெயர். இறைச்சி 12.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

உங்களுக்கானது சீஸ்-வெங்காயப் பாஸ்டி. பெரும்பாலான கடைகளில் இருக்கும். மாவில் பன்றிக் கொழுப்பு சேர்க்கிறார்களா, மேலே முட்டை பூசுகிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அந்தக் காலத்தில் இங்கிருந்த வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளி, ஆர்செனிக் என்ற நஞ்சு படிந்த விரலால் விளிம்பைப் பிடித்துத் தின்றுவிட்டு, அதை மட்டும் எறிந்துவிடுவான் என்று ஒரு கதை சொல்வார்கள். நான் நம்புவதில்லை. பழைய புகைப்படங்களில் துணியில் சுற்றிப் பிடித்து, முனையிலிருந்து கடிக்கிறார்கள். பசித்தவன் எறிவானா?

தங்குவதற்குப் பென்சான்ஸ். லண்டன் பாடிங்டன் ரயில் நிலையத்திலிருந்து நேரடி ரயில், ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். எக்ஸெட்டர் தாண்டியதும் கடல் இடப்பக்கம் வரும். ஜன்னலோர இருக்கையை அதற்கேற்பப் பிடியுங்கள். பொறியாளர் புரூனல் கட்டிய 1859ஆம் ஆண்டுப் பாலத்தில் டேமர் ஆற்றைக் கடந்தால் கார்ன்வால்.

ஒரு நாள் செயின்ட் ஐவ்ஸ்: செயின்ட் எர்த்தில் ரயில் மாறினால் கால் மணி நேரப் பயணம், இப்போது கடல் வலப்பக்கம். அடுத்த நாள் மராசியன். அங்கிருந்து செயின்ட் மைக்கேல்ஸ் மவுன்ட் தீவுக்கு, கடல் வற்றும்போது கல் பாதையில் நடந்தே போகலாம். ஓத நேரம் பார்க்காமல் போனால் திரும்பப் படகுதான்.

மூன்றாம் நாள் பஸ்ஸில் கீவர் வெள்ளீயச் சுரங்கம். 1990இல் மூடப்பட்டு, இப்போது அருங்காட்சியகம். தலைக்கவசம் தருவார்கள், குனிந்து நடக்க வேண்டும். முழங்கால் வலி இருந்தால் உள்ளே இறங்காதீர்கள். இங்கே தொழில் நொடித்தபோது பிழைப்புத் தேடிக் கடல் கடந்த கார்ன்வால்காரர்களில் சிலர் கோலார் தங்கவயலுக்கு வந்து, நம் தமிழ்த் தொழிலாளர்களோடு வேலை பார்த்தார்கள்.

மீன் சாப்பிட, பென்சான்ஸுக்குப் பக்கத்திலேயே நியூலின் துறைமுகம். பில்சர்ட் என்ற பெயரில் மவுசு குறைந்த மீன் இப்போது ‘கார்னிஷ் சார்டின்’ என்று விற்கிறது. நம் மத்தியின் உறவுதான், செப்டம்பரில் புதிதாகக் கிடைக்கும்.

மாலையில் கிரீம் டீ, அதாவது தேநீரோடு ஸ்கோன் என்ற சிறு ரொட்டி. ஸ்கோனைப் பிளந்து முதலில் ஜாம், அதன்மேல் கெட்டிப் பாலாடை போன்ற கிளாட்டட் கிரீம்; பக்கத்து டெவனில் இந்த வரிசை தலைகீழ். ஸ்கோன் மாவில் முட்டை சேர்ப்பவர்களும் உண்டு. கணவருக்காக அதையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.