அறத்துக்குச் சமன்பாடு உண்டா?

வணக்கம் ஐயா,

இயற்கையைப் பார்க்கக் கணிதத்தைவிட நம்பகமான கண்ணாடி இல்லை என்று முன்பொருமுறை எழுதியிருந்தீர்கள். சூரியகாந்தி விதைகள் ஃபிபொனாச்சி எண்களில் (முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் 1, 1, 2, 3, 5, 8 என்ற வரிசை) சுழல்கின்றன. ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்கிறார் நியூட்டன், கர்மாவும் அதைத்தானே சொல்கிறது? இயற்கை முழுக்கக் கணக்கு என்றால் அதில் ஒரு துண்டான மனிதனின் நல்லது கெட்டதும் கணக்காகத்தான் இருக்க வேண்டும். அறத்துக்கும் ஒரு சமன்பாடு இருக்கும், நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான். அப்படியென்றால் கணிதம் படித்தவர்கள் மற்றவர்களைவிட நேர்மையானவர்களாக இருக்க வேண்டும் அல்லவா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

கர்மாவை முதலில் முடித்துவிடலாம். நியூட்டனின் மூன்றாம் விதியில் எதிர்விசை அதே கணத்தில் வந்துவிடும், தாமதமே கிடையாது. கோபத்தில் தள்ளினேனா, விழப்போகிறவரைக் காப்பாற்றத் தள்ளினேனா என்றும் அது பார்ப்பதில்லை. கர்மா என்ற எண்ணத்தில் இந்த இரண்டும்தான் முக்கியம். நம்புகிறவர்கள் நம்பட்டும், சாட்சிக்கு நியூட்டனைக் கூப்பிட வேண்டாம்.

சூரியகாந்தியில் இரு திசைச் சுருள்களையும் எண்ணினால் பெரும்பாலும் 34, 55 அல்லது 55, 89 என்று வரும். பூ எதையும் எண்ணவில்லை. புதிதாக முளைப்பது, ஏற்கெனவே இருப்பவற்றிலிருந்து விலகி இடம் அதிகமுள்ள பக்கம் அமர்கிறது. 1992இல் துவாடி, கூடே என்ற இரு பிரெஞ்சு இயற்பியலாளர்கள் செடியே இல்லாமல் இதைச் செய்து காட்டினார்கள். எண்ணெய்த் தட்டின் நடுவில் காந்தத் திரவத் துளிகளை ஒவ்வொன்றாக விழவிட்டார்கள். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓரத்துக்கு நகர்ந்த துளிகள் அதே மாதிரிச் சுருள்களில் போய் நின்றன. இப்படி ஒரு விதி இருந்தால் இப்படி ஒரு வடிவம் வரும் என்பது வரைக்கும் கணிதம் சொல்லும். அந்த விதி நல்லதா என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

சரி, அறம். உங்கள் சமன்பாட்டுக்கு மிக அருகே வந்தது என்று நான் நினைப்பது, 1980 வாக்கில் அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் ஆக்சல்ராட் நடத்திய கணினிப் போட்டி. இரண்டு பேர் திரும்பத் திரும்ப ஆடும் ஆட்டம் அது. இருவரும் ஒத்துழைத்தால் இருவருக்கும் நல்லது, ஆனால் ஒரு சுற்றை மட்டும் தனியே எடுத்தால் ஏமாற்றுகிறவருக்குத்தான் எப்போதும் லாபம். பலர் அனுப்பிய நிரல்களில் வென்றது அனட்டோல் ராப்பபோர்ட்டின் மிக எளிய நிரல். முதலில் ஒத்துழை, அப்புறம் எதிராளி கடைசியாகச் செய்ததையே நீயும் செய். அறுபதுக்கும் மேற்பட்ட நிரல்கள் மோதிய அடுத்த போட்டியிலும் அதுவே வென்றது. நல்லவன் ஜெயிப்பான் என்று கணிதமே நிரூபித்துவிட்டதாகச் சந்தோஷப்பட்டவர்கள் உண்டு.

ஆனால் அந்த வெற்றி மறுபடி சந்திப்போம் என்ற நிபந்தனையின் மேல் நிற்கிறது. ஒரே சுற்றுதான், இனி இவரைப் பார்க்கவே போவதில்லை என்றால், அதே கணக்கு ஏமாற்று என்றுதான் சொல்லும். நாம் யாரை நல்லவர் என்று மதிக்கிறோமோ, அவர் சரியாக அந்த இடத்தில்தான் ஏமாற்றாமல் இருக்கிறார். அவரை அந்தச் சமன்பாட்டில் எங்கே வைப்பீர்கள்?

அப்படியென்றால் அறத்துக்குக் கணிதத்தால் உபயோகமே இல்லையா? உண்டு. அமெரிக்காவில் காம்பஸ் என்றொரு மென்பொருள், கைதானவர் மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்புக்கு மதிப்பெண் போடுகிறது. 2016இல் புரோபப்ளிகா என்ற செய்தி அமைப்பு ஒரு குற்றச்சாட்டை வைத்தது. மறுபடி குற்றம் செய்யாதவர்களில், ஆபத்தானவர் என்று தவறாகக் குறிக்கப்பட்ட கறுப்பினத்தவரின் விகிதம் வெள்ளையரின் விகிதத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு என்றது. தயாரித்த நிறுவனமோ, ஒரே மதிப்பெண் வாங்கிய இரு இனத்தவரும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில்தான் மறுபடி கைதாகிறார்கள், இதில் பாரபட்சம் எங்கே என்றது.

இரண்டு கணக்கும் சரி. எப்படி என்று ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு குழுவில் 100 பேரில் 50 பேர் மறுபடி குற்றம் செய்வார்கள், இன்னொன்றில் 20 பேர். இரு குழுவிலும் மென்பொருள் அவர்களில் 60 சதவீதம் பேரைக் கண்டுபிடிக்கிறது, அது ஆபத்து என்று குறிப்பவர்களில் 75 சதவீதம் பேர் உண்மையிலேயே குற்றம் செய்கிறார்கள். இருவருக்கும் ஒரே அளவுகோல். முதல் குழுவில் 40 பேர் குறிக்கப்படுவார்கள், அதில் 10 பேர் அப்பாவிகள். 50 அப்பாவிகளில் 10, அதாவது 20 சதவீதம். இரண்டாவது குழுவில் குறிக்கப்படுவது 16 பேர், அதில் அப்பாவிகள் 4. இங்கே அப்பாவிகள் மொத்தம் 80, எனவே 5 சதவீதம்தான். பாரபட்சம் பார்க்காத அளவுகோலே ஒரு குழுவின் அப்பாவிகளை நான்கு மடங்கு அதிகமாகத் தண்டிக்கிறது.

நிரலைத் திருத்தி இதைச் சரிசெய்ய முடியாது. இரு குழுக்களின் அடிப்படை விகிதம், அதாவது மறுபடி குற்றம் செய்கிறவர்களின் விகிதம், வேறாக இருந்து, கணிப்பும் பிழையற்றதாக இல்லாவிட்டால், இந்த எல்லா நியாயங்களும் ஒருசேரக் கிடைக்காது என்று அதே காலத்தில் ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். (அந்த அடிப்படை விகிதமே காவல்துறை எங்கே அதிகம் தேடுகிறது என்பதைப் பொறுத்தது என்பது தனிச் சிக்கல்.) எந்த நியாயத்தை விட்டுக்கொடுப்பது என்பதைக் கணிதம் தேர்ந்தெடுக்காது. ஆனால் இரண்டையும் தருவதாக ஒரு அரசோ நிறுவனமோ சொன்னால், அது நடக்காது என்று நாம் அடித்துச் சொல்லலாம். நான் கண்ணாடி என்று சொன்னது இதைத்தான்.

கடைசிக் கேள்விக்கு என் பதில், இல்லை. 1933 நவம்பரில் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில், கணிதப் பேராசிரியர் எட்மண்ட் லாண்டா யூதர் என்பதற்காக மாணவர்கள் அவர் வகுப்பைப் புறக்கணித்தார்கள். முன்னின்று நடத்தியவர் ஓஸ்வால்ட் டைக்முல்லர், வயது 20. அந்த மாணவர்களில் மிகத் திறமையானவர்களில் ஒருவர். இதை ஏன் செய்தேன் என்று லாண்டாவுக்கு நிதானமாக ஒரு விளக்கக் கடிதமும் எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் அவர் செய்த கணிதம் டைக்முல்லர் வெளி என்ற பெயரில் இன்றும் பாடமாக இருக்கிறது, அதில் நிறையவே சரியானது.