வேண்டுதலுக்கு நடக்கலாம், வசூலுக்கு நடக்கலாமா?

கேள்வி: நானும் கல்லூரித் தோழிகள் நால்வரும் மே மாத லீவில் தேவிபட்டினத்திலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை நடக்கப் போகிறோம். ஏறக்குறைய 90 கிலோமீட்டர், நான்கு நாள். கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவர்களின் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஓர் அறக்கட்டளைக்கு நிதி திரட்டத்தான். "வேண்டுதலுக்கு நடந்தா சரி, வசூலுக்கு நடக்கிறது என்ன பழக்கம்?" என்கிறார் அப்பா. ஒரு தோழிக்குப் போன வருடம் முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. அவளை வேனில் வரச் சொன்னோம், முகம் வாடிவிட்டது. என்ன செய்யலாம்?
- பாம்பன் வாசகி

பதில்: அப்பாவின் கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள் அம்மா. வேளாங்கண்ணிக்கும் பழனிக்கும் நடப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவர் அவர். அந்த நடையில் கணக்கு சாமிக்கும் நடப்பவருக்கும் இடையில் முடிந்துபோகும். உங்கள் நடையில் ஊரார் பணம் வருகிறது. அவருக்கு உறுத்துவது அதுதான்.

எங்கள் தெருவில் ஒரு சிறுவனின் சிகிச்சைக்காக ஊர்வலமாகப் போய் வசூலித்தோம். பேனர், டீ-சர்ட், வேன் வாடகை, மதியச் சாப்பாடு எல்லாமே உண்டியல் பணத்திலிருந்து போயிற்று. மிச்சத்தை ஒரு மஞ்சள் பையில் போட்டு அவன் அம்மாவிடம் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்கவில்லை, கண்ணில் ஒற்றிக்கொண்டார். எவ்வளவு இருந்தது, எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அதனால் நடைக்கான செலவு முழுவதும் உங்கள் ஐந்து பேர் கைக்காசாக இருக்கட்டும். நன்கொடை ஒரு ரூபாய்கூட உங்கள் கணக்குக்கு வர வேண்டாம். அறக்கட்டளையின் கியூ.ஆர். அட்டையையே கையில் வைத்திருங்கள். ரசீது அவர்கள் பெயரில் போகட்டும். நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச்சலுகை தரும் பதிவு (80ஜி என்பார்கள்) அவர்களுக்கு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுப்பவருக்கு அந்த வரிச்சலுகை கிடைக்காது, அதையும் சொல்லிவிடுங்கள். உங்கள் பக்கத்தில் வெளிநாட்டு உறவு இல்லாத வீடு குறைவு. துபாயில் வேலை பார்க்கும் அண்ணன் இந்திய பாஸ்போர்ட்டோடு இருந்தால் தன் சம்பாத்தியத்திலிருந்து தாராளமாக அனுப்பலாம். சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அறக்கட்டளைக்கு அதற்கான மத்திய அரசுப் பதிவு இருக்க வேண்டும். இல்லையென்றால் மாமாவின் அன்பு அவர்களுக்குத்தான் தலைவலியாகும். இதையெல்லாம் அப்பாவிடம் உட்கார்ந்து சொல்லிப் பாருங்கள். வரவுக் கணக்கைத் தினமும் சரிபார்க்கும் வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

மே மாதம் மட்டும் வேண்டவே வேண்டாம். வெயில் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். வருமானம் இல்லாத வாசலில் போய் நிதி என்று நிற்பது எப்படி? தை பிறந்து மழை ஓய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு நாளை ஆறாக்குங்கள். விடியுமுன் கிளம்பி பத்து மணிக்குள் ஒதுங்கிவிட வேண்டும். இருட்டில் சாலையின் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். முதுகுப்பையில் ஒளிரும் ஸ்டிக்கர் கட்டாயம். பாதயாத்திரை போனவர்கள் மீது பின்னாலிருந்து வண்டி மோதிய செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம்!

ரப்பர் செருப்பை நம்பாதீர்கள். ஒருமுறை உச்சிப்புளிக்கு இந்தப் பக்கம் என் செருப்பைத் துளைத்துக்கொண்டு சீமைக்கருவேல முள் ஏறிவிட்டது. விறகு சுமந்து வந்த பாட்டி ஒருவர் கட்டை இறக்கிவைத்து, என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, தாலிக்கயிற்றில் கிடந்த ஊக்கால் நெம்பி எடுத்தார். "மொனை உள்ள நிக்குதான்னு பாக்கணும்த்தா" என்று இரண்டு தரம் தடவிப் பார்த்த பிறகுதான் காலை விட்டார். நடந்து பழகிய ஷூ, பருத்தி அல்லாத காலுறை இரண்டு ஜோடி, கிளம்புமுன் டெட்டனஸ் வராமல் தடுக்கும் டி.டி. ஊசி ஒன்று. கொப்புளம் கிளம்புவது போல் சுருக்கென்றால் அந்த இடத்திலேயே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள், அடுத்த ஊர் வரட்டும் என்று இழுக்காதீர்கள்.

இனி உங்கள் தோழி. அவளுக்குப் பதிலாக நீங்கள் நால்வரும் முடிவெடுத்ததுதான் அவளைச் சுட்டிருக்கும். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் அவளோடு போய், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று கேளுங்கள். ஐந்து என்றால் ஐந்து. எந்த ஐந்து என்பதை அவள் சொல்லட்டும். நடக்கும்போது வேகமும் அவளுடையதாக இருக்கட்டும்.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு ஒன்பதரை கிலோமீட்டர். நிழல் கிடையாது, தண்ணீரைச் சுமந்துதான் போக வேண்டும். ஒரு பக்கம் அலை அடங்கிய பெண்கடல், மறுபக்கம் அலை புரளும் ஆண்கடல், நடுவில் அந்தத் தார்ச்சாலை. அங்கே அவளால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு தூரம் அவள் முன்னால் போகட்டும், நீங்கள் பின்னால் போங்கள்.

தேதி முடிவானதும் அறக்கட்டளையின் கணக்கு விவரத்தோடு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். என் பங்கை நேரே அங்கேயே அனுப்பிவிடுகிறேன்.