குழந்தையின் மூச்சில் கொர் கொர் சத்தம்: சளியா, தமனி வளையமா?

கேள்வி: எங்கள் மகனுக்கு 9 மாதம். பிறந்ததிலிருந்து மூச்சு விடும்போது கொர் கொர் என்று சத்தம். பால் குடித்தாலும் அழுதாலும் கூடும். சளி என்று சொல்லி நான்கு முறை நெபுலைசர் வைத்தாயிற்று. ராகிக் கூழ் வரை சமாளித்தான். இட்லி ஊட்ட ஆரம்பித்த பிறகு புரையேறி வாந்தி எடுக்கிறான். மாமியார் தொக்கம் என்று இரண்டு தடவை எடுத்துவிட்டு வந்தார். இப்போது எக்கோ பார்த்ததில், ‘பெருந்தமனி வளைவு வலப்பக்கம் உள்ளது, சி.டி. ஆஞ்சியோ எடுக்கவும்’ என்று எழுதியிருக்கிறார்கள். இதயத்தில் ஓட்டை எதுவும் இல்லையாம். ஆபரேஷன் வேண்டியிருக்குமா? கொஞ்சம் வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா? இத்தனை சின்னப் பிள்ளைக்கு சி.டி. எடுக்கலாமா?
– ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: முதலில் உங்கள் மாமியாரை ஒன்றும் சொல்லாதீர்கள். தொண்டைக்குக் கீழே ஏதோ அடைக்கிறது என்று அவர் நினைத்ததில் பாதி சரி. அடைப்பு குழாய்க்கு உள்ளே இல்லை, வெளியிலிருந்து எதுவோ நெருக்குகிறது என்பதுதான் என் சந்தேகம். ஆனால் இனிமேல் தொக்கம் எடுக்கப் போக வேண்டாம். மூச்சு ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கும் பிள்ளைக்குத் தொண்டையில் விரல் விடுவதும் ஊதுவதும் ஆபத்து.

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி மேலே ஏறி, குடையின் கைப்பிடி போல வளைந்து, கீழே இறங்குகிறது. கருவில் ஆரம்பத்தில் மூச்சுக்குழாயின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வளைவு இருக்கும். முதல் இரண்டு மாதத்துக்குள் வலது கரைந்து இடது மட்டும் நிற்கும். ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு இது மாறி, வலது நின்றுவிடுகிறது. அவர்களில் பலர் பேரன் பேத்தி எடுக்கும் வரை விஷயமே தெரியாமல் வாழ்கிறார்கள். ஆகவே ரிப்போர்ட்டில் இருக்கும் வரி நோயின் பெயர் இல்லை. ரத்தக்குழாய் எந்தப் பக்கம் போகிறது என்ற விலாசம், அவ்வளவுதான். நாம் கேட்க வேண்டியது வேறு. மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் சுற்றி முழு வளையம் இருக்கிறதா? இருந்தால், அது நெருக்குகிறதா?

வளைவு வலப்பக்கம் இருக்கும் சில குழந்தைகளுக்கு, இடது கைக்குப் போகும் தமனி வழக்கமான இடத்தில் கிளம்பாமல், கடைசியாகக் கிளம்பி உணவுக்குழாயின் பின்னால் போகும். அதன் அடிப்பகுதி பை போலப் புடைத்திருக்கும். ஜெர்மானிய எக்ஸ்ரே மருத்துவர் கொம்மெரெல் 1936-இல் இப்படி ஒரு புடைப்பை விவரித்ததால் அதற்கு அவர் பெயர். அந்தப் பையிலிருந்து நுரையீரல் தமனிக்கு ஒரு நார் ஓடும். கருவில் அது ரத்தக்குழாயாக இருந்தது; பிறந்த பிறகு மூடி நாராகிவிட்டது. இப்போது சுற்றிப் பாருங்கள்: வலப்பக்கம் வளைவு, பின்னால் பை, இடப்பக்கம் நார், முன்னால் நுரையீரல் தமனி. நடுவில் இரண்டு குழாய்களும் மாட்டிக்கொண்டன. வலது, இடது இரண்டு வளைவுமே கரையாமல் நின்றுவிடுவதும் உண்டு. அது இதைவிட இறுக்கமானது, பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

வளர்ந்தால் சரியாகுமா என்று கேட்கிறீர்கள். உங்கள் பக்கத்தில் மாடு வளர்க்கும் வீடுகள் அதிகம், அதனால் இப்படிச் சொல்கிறேன். கன்றுக்குட்டிக்குக் கழுத்தில் கட்டிய கயிற்றை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்? கன்று வளரும், கயிறு வளராது. இந்த வளையத்தில் ரத்தக்குழாய் கூடவே வளரும், நார் அந்த அளவுக்கு இடம் கொடுக்காது. திட உணவு ஆரம்பித்ததும் தொல்லை கூடியது இதனால்தான். கூழ் நழுவிவிடும், இட்லி நிற்கும். நின்ற கவளம் முன்னாலிருக்கும் மூச்சுக்குழாயையும் அழுத்தும். கணக்குப்படி மூச்சுக்குழாயின் விட்டம் பாதியானால் காற்றுக்குத் தடை 16 மடங்கு. சின்னக் குழந்தைக்கு ஒரு மில்லிமீட்டர் கூடப் பெரிய விஷயம்.

சளி என்று நான்கு முறை போனதற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன். நூறு குழந்தைக்குக் கொர் கொர் சத்தம் என்றால் பெரும்பாலும் சளிதான், அல்லது குரல்வளை தளர்ச்சிதான். குரல்வளை தளர்ந்திருந்தால் மூச்சை இழுக்கும்போது சத்தம், குப்புறப் படுத்தால் குறையும், ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். வளையம் இருந்தால் இழுக்கும்போதும் விடும்போதும் சத்தம் வரும், இருமல் வெண்கலப் பாத்திரத்தைத் தட்டினது போல இருக்கும், மருந்துக்கு மசியாது. அப்புறம் ஒன்றைக் கவனியுங்கள்: தூங்கும்போது தலையைப் பின்னால் வில்லாக வளைத்துக்கொள்கிறானா? தலையணை வைத்து நேராக்கினால் சிணுங்குகிறானா? அப்படியானால் அவனாகவே மூச்சுக்கு வழி தேடிக்கொள்கிறான் என்று அர்த்தம். நேராக்காதீர்கள்.

சி.டி. எடுக்கலாம், எடுக்க வேண்டும். எக்கோ இதயத்தை நன்றாகக் காட்டும், காற்று நிரம்பிய மூச்சுக்குழாயைக் காட்டாது. ஸ்கேன் சில நொடிகளில் முடிந்துவிடும். குழந்தைகளுக்கான குறைந்த கதிர்வீச்சு அளவில் ஒரே ஒரு தடவை எடுப்பதைப் பற்றி எனக்குப் பயமில்லை. என் கவலை தூக்க மருந்து. மூச்சுக்குழாய் நெருக்கப்பட்டிருக்கும் பிள்ளைக்கு மயக்க மருத்துவர் பக்கத்தில் இருந்துதான் கொடுக்க வேண்டும். ‘மூச்சில் சத்தம் இருக்கிறது’ என்று அவரிடம் நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். இன்னொன்று: அந்த நாரில் ரத்தம் ஓடாது, அதனால் சி.டி.யிலும் நேரடியாகத் தெரியாது. பையின் வடிவத்தையும், குழாய்கள் இழுபட்டிருக்கும் விதத்தையும் வைத்துத்தான் ஊகிக்கிறோம். ‘வளையம் தெரியவில்லை’ என்று ரிப்போர்ட் வந்தால் அதோடு விட்டுவிடாமல், குழந்தை இதய மருத்துவரிடம் படத்தையே காட்டுங்கள்.

வளையம் உறுதியாகி, இப்போதுள்ள தொல்லைகளும் இருந்தால் ஆபரேஷன்தான் வழி. மருந்து கிடையாது. தொல்லையே இல்லாத குழந்தையாக இருந்தால் பொறுத்திருந்து பார்ப்போம் என்றுதான் சொல்லியிருப்பேன். பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் இப்படி ஒரு வளையத்தை முதன்முதலில் வெட்டிவிட்டது 1945-இல். இன்றும் அடிப்படை அதேதான்: இடது விலா எலும்புகளுக்கு நடுவே சென்று, நாரின் இரு பக்கமும் கட்டி, நடுவில் வெட்டிவிடுவது. இதயத்தை நிறுத்த வேண்டியதில்லை. பை பெரிதாக இருந்தால் அதையும் எடுத்து, கைக்குப் போகும் தமனியை வேறு இடத்தில் தைப்பார்கள். குரல் நரம்பு பக்கத்தில்தான் போகிறது, எனவே சிலருக்குக் கொஞ்ச நாள் குரல் கம்மும். முக்கியமாக, மறுநாளே சத்தம் நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இத்தனை மாதம் நசுங்கிய குருத்தெலும்பு கெட்டிப்பட மாதங்கள் ஆகும். ஆபரேஷன் வீணாய்ப் போச்சு என்று அழுதுகொண்டு திரும்பி வந்த பெற்றோர் உண்டு. விழுங்குவது சுலபமாகியிருக்கிறதா என்றுதான் அவர்களிடம் முதலில் கேட்பேன்.

வளைவில் கோளாறு என்றதும் ரத்தம் போகாத வகையை நினைத்துப் பயப்பட வேண்டாம். வளைவு சுருங்கியோ அறுந்தோ இருப்பது வேறு கதை. பிறந்த முதல் நாட்களில் பிள்ளை வெளிறித் துவண்டுவிடும், தொடை இடுக்கில் நாடி கிடைக்காது, கை பிரஷருக்கும் கால் பிரஷருக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். உங்கள் மகனுக்கு அப்படி எதுவும் எக்கோவில் இல்லை. ஆனால் வலப்பக்க வளைவு உள்ள சில குழந்தைகளுக்கு 22-ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருக்கும். அதற்கான ரத்தப் பரிசோதனையையும் கால்சியம் அளவையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

செலவுக்கு, குழந்தைகள் நலத்துக்கான அரசுத் திட்டமான ராஷ்டிரிய பால ஸ்வாஸ்திய திட்டத்தில் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தை அணுகலாம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

அதுவரை அரிசிம்பருப்பு சாதமாக இருந்தாலும் நன்றாக மசித்து, தளரக் கரைத்து, நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு வாய் இறங்கிய பிறகு அடுத்தது. பழத் துண்டு, கடலை கூடாது. ஊட்டும்போது மூச்சு நின்று நீலம் பாரித்தாலோ, விலா உள்ளே இழுத்தாலோ தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். கோவைக்கு வரும்போது போனில் இரண்டு வீடியோ எடுத்து வாருங்கள்: பால் குடிக்கையில் ஒன்று, தூங்குகையில் ஒன்று. டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் எந்தக் குழந்தைக்கும் சத்தம் நின்றுவிடும்.