பூவில் எண்ணப் பழகினால் மரபியல் கணக்கு தப்பாது

கேள்வி: கேரளத்தில் வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறேன். மகள் தமிழ் மீடியத்தில் பத்தாம் வகுப்பு. உயிரியலில் இனப்பெருக்கத்தை வரி பிசகாமல் ஒப்பிக்கிறாள். மரபியல் கணக்கு வந்தால் மட்டும் தப்பு. உணவு வலை வரையச் சொன்னால் எப்போதும் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகுதான். டியூஷன் வைக்க வசதி இல்லை. எங்களுக்கும் சொல்லிக்கொடுக்கத் தெரியாது. வீட்டிலிருந்தே என்ன செய்யலாம்? விடைத்தாளில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அம்மா, நீங்கள் அனுப்பிய பக்கத்திலேயே விடை இருக்கிறது. கடைசி வரியில் உள்ள விகிதத்தை ஆசிரியர் சுழித்திருக்கிறார். தப்பு நடந்தது அங்கே இல்லை, மூன்றாவது வரியில். ‘இனச்செல்கள்’ (ஆண் பக்கமும் பெண் பக்கமும் இருந்து வந்து சேரும் செல்கள்) என்று போட்ட இடத்தில் உங்கள் மகள் ஒரு பண்புக்கு இரண்டு எழுத்து எழுதியிருக்கிறாள். அங்கே ஒரு எழுத்துதான் வர வேண்டும். இனப்பெருக்கப் பாடத்தைச் சொல்லாகப் படித்தவள், எண்ணாகப் படிக்கவில்லை. மரபியலைத் திரும்பத் திரும்பப் படித்து இது சரியாகாது. முதலில் பூவுக்குப் போக வேண்டும்.

சொல்லிக்கொடுக்கத் தெரியாது என்கிறீர்கள். தோட்டத்து நர்சரி வேலை உங்களுக்குத் தெரியும் அல்லவா? அங்கிருந்தே தொடங்குங்கள். தாய்ச்செடியிலிருந்து ஒரு இலை, ஒரு கணு, மூன்று நான்கு சென்டிமீட்டர் தண்டு என்று வெட்டி, மண் நிரப்பிய பாலித்தீன் பையில் நடுகிறார்கள். அந்தத் துண்டிலிருந்து வளரும் செடி தாய்ச்செடியின் அச்சு. தேயிலைச் செல்லில் 30 குரோமோசோம் (பண்புகளைச் சுமக்கும் இழை). கட்டிங்கில் முளைத்த செடியின் செல்லிலும் அதே 30. எங்கேயும் பாதியாகவில்லை, கலக்கவும் இல்லை. இதுதான் பாலிலா இனப்பெருக்கம், இதற்கான செல் பிரிவு மைட்டாசிஸ்.

விதையில் முளைத்த பழைய தேயிலைக் காட்டையும் கட்டிங்கில் வளர்ந்த குளோன் காட்டையும் மகளுக்குக் காட்டுங்கள். குளோன் காட்டில் இலை ஒரே நிறம், ஒரே அளவு, கொழுந்து ஏறக்குறைய ஒன்றாக வரும். விதைக் காட்டில் பக்கத்துப் பக்கத்துச் செடிக்கே இலை வேறுபடும். காரணம், விதை உண்டாகுமுன் இரண்டு இடத்தில் எண் பாதியாகிறது: மகரந்தத்தில் 15, முட்டைச் செல்லில் 15. இரண்டும் சேர்ந்து கருமுட்டையில் மறுபடி 30. பாதியாக்கும் பிரிவுதான் மியாசிஸ். எந்தப் பாதி எந்த மகரந்தத்துக்குப் போகிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறும். அதனால்தான் விதைச் செடிகள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ‘பாலிலா இனப்பெருக்கத்தின் குறை என்ன’ என்று கேட்டாலும் இதே காட்டைப் பார்த்து எழுதலாம்: எல்லாச் செடியும் ஒரே மாதிரி என்பதால் ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும்.

அடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒற்றைச் செம்பருத்திப் பூ ஒன்று பறித்துக் கொடுங்கள். அடுக்குச் செம்பருத்தி வேண்டாம். அதில் மகரந்தத் தாள் பலவும் இதழாக மாறியிருக்கும், பிள்ளை குழம்பிப்போவாள். மாலைப் பூவும் ஆகாது, வதங்கிச் சுருண்டிருக்கும். காம்பருகே வெளியே சின்னச் சின்னப் பச்சை நாக்குகள் நிற்கும்; அவை புறப்புல்லி. அதற்குள்ளே ஐந்து புல்லி ஒட்டிக் கிண்ணம்போல இருக்கும். ஐந்து இதழையும் அடியிலிருந்து மெதுவாகப் பிரித்தால் நடுவில் ஒரு குழாய் மட்டும் மிஞ்சும். ஷேவிங் பிளேடின் ஒரு விளிம்பில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, மறு விளிம்பால் குழாயை அடியிலிருந்து மேலே கீறச் சொல்லுங்கள். உள்ளே நூல்போல ஒன்று தனியாக ஓடும். அதுதான் சூல்தண்டு. உச்சியில் ஐந்து சின்னச் சிவப்புத் தலை, சூல்முடி. குழாய் முழுவதும் ஆண் பகுதி, அதற்குள் நுழைந்து போவது பெண் பகுதி. படத்தில் மாணவர்கள் அதிகம் தப்புவது இந்த இடத்தில்தான். சூல்தண்டு குழாய்க்கு வெளியே ஒட்டி நிற்பதுபோல் வரைந்துவிடுகிறார்கள். ஒருமுறை கையால் பிரித்தவள் அப்படி வரையமாட்டாள்.

கடைசியில் அடியில் இருக்கும் சூலகத்தைக் குறுக்கே வெட்ட வேண்டும். நுனியில் வெட்டினால் அறை தெரியாது, மழுங்கிய பிளேடு என்றால் நசுங்கி வழுவழுவென்று கூழாகிவிடும். புது பிளேடால், நடுப்பகுதியில், ஒரே இழுப்பு. ஐந்து அறையும், நடு அச்சில் ஒட்டிய வெள்ளைப் பொட்டுகளும் தெரியும். அந்தப் பொட்டுதான் சூல். அதற்குள் பாதி எண்ணோடு ஒரு முட்டைச் செல் காத்திருக்கிறது. வெறுங்கண்ணுக்குச் சரியாகத் தெரியாவிட்டால் பள்ளியில் ஒரு கைலென்ஸ் கேட்டு வாங்கலாம்.

மகரந்தச் சேர்க்கையும் கருவுறுதலும் ஒன்று என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம். தூள் சூல்முடியில் விழுவது மகரந்தச் சேர்க்கை, அவ்வளவுதான். பிறகு மகரந்தக் குழாய் சூல் வரை வளர்ந்து இரண்டு ஆண் இனச்செல்லைக் கொண்டுபோகிறது. ஒன்று முட்டையோடு சேர்ந்தால் கருமுட்டை. மற்றொன்று இரண்டு துருவ உட்கருக்களோடு சேர்ந்தால் முளைசூழ்தசை. தேங்காயை வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்: தென்னையில் 32 குரோமோசோம், மகரந்தத்தில் 16, முட்டையில் 16, கருவில் 32, முளைசூழ்தசையில் 16 மூன்று மடங்கு, 48. இளநீரும் தேங்காய்ப் பருப்பும் அந்த முளைசூழ்தசைதான். ‘இரட்டைக் கருவுறுதல்’ என்ற சொல்லை ஒப்பிப்பதைவிட இந்த ஐந்து எண்ணையும் எழுதிக் காட்டத் தெரிவது மேல்.

இப்போது மரபியல். மளிகைக் கடையில் வெள்ளைப் பட்டாணி கொஞ்சம், பச்சைப் பட்டாணி கொஞ்சம் வாங்குங்கள். வெள்ளைப் பட்டாணியின் தோலை உரித்தால் உள்ளே மஞ்சள். மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் தோட்டத்தில் எண்ணியதும் இந்த மஞ்சளும் பச்சையும்தான். பச்சையைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். சாயம் இறங்கினால் இந்த விளையாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சமையலுக்கு வேண்டாம்.

இரண்டு டம்ளர். ஒவ்வொன்றிலும் 50 மஞ்சள், 50 பச்சை. ஒரு டம்ளர் அப்பாச்செடி, ஒன்று அம்மாச்செடி. இரண்டும் கலப்புச் செடி. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பட்டாணியும் ஒரு இனச்செல். கண்ணை மூடி, டம்ளருக்கு ஒன்றாக எடுத்து ஜோடியைக் குறிக்க வேண்டும். எடுத்ததை அதே டம்ளரில் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். போடாமல் விட்டால் டம்ளரில் மஞ்சளும் பச்சையும் சரிபாதியாக இருக்காது. 100 முறை எடுத்தால் மஞ்சள்‑மஞ்சள் 25, கலப்பு 50, பச்சை‑பச்சை 25 என்பதற்குப் பக்கத்தில் வரும், அச்சாக வராது. மஞ்சள் ஓங்கு பண்பு என்பதால் கலப்பும் மஞ்சளாகவே தெரியும். ஆக 75க்கு 25, அதாவது 3:1. மெண்டலுக்கே 6022 மஞ்சளும் 2001 பச்சையும்தான் கிடைத்தன.

முதல் நான்கு ஜோடியை மட்டும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கும் மஞ்சளாக இருக்கலாம், இரண்டு பச்சையாக இருக்கலாம். நான்கு நான்காக எடுத்தால் பாதிக்கும் குறைவான முறைதான் சரியாக மூன்றுக்கு ஒன்று வரும். ‘நான்கு பிள்ளைகளில் ஒருவருக்குக் கட்டாயம் வரும்’ என்று எழுதுவது ஏன் தப்பு என்பது இதில் புரியும். அட்டப்பாடியிலும் வயநாட்டிலும் பழங்குடி மக்களிடையே காணப்படும் அரிவாள் செல் சோகையை எடுத்துக்கொள்ளுங்கள். தாய், தகப்பன் இருவரும் அந்த ஜீனைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் புதிதாக நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மூத்தது நன்றாகப் பிறந்ததற்காக இளையதற்கு வாய்ப்பு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. மாமன் மகளைக் கட்டுகிறவர்களுக்குள் எட்டில் ஒரு பங்கு ஜீன் பொது, அக்கா மகள் என்றால் நான்கில் ஒரு பங்கு. ஒரே ஒடுங்கு ஜீன் (ஒன்று மட்டும் இருந்தால் வெளியே தெரியாதது) இரு பக்கமும் ஒளிந்திருக்க அங்கே வாய்ப்பு அதிகம். நம் குடும்பங்களில் இதைப் பேசியே ஆக வேண்டும்.

வடிவம், நிறம் என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் இரு பண்புக் கலப்புக்கு வருவோம். இங்கே வசதிக்காக உருண்டை ‘உ’, சுருக்கம் ‘சு’, மஞ்சள் ‘ம’, பச்சை ‘ப’ என்று வைக்கிறேன்; தேர்வில் ஒரு பண்புக்கு ஒரே ஆங்கில எழுத்தின் பெரிய வடிவமும் சிறிய வடிவமும் போட வேண்டும். முதல் தலைமுறைச் செடி ‘உசு மப’. உங்கள் மகள் இனச்செல் என்று எழுதியது ‘உசு’, ‘மப’. ‘உசு’ என்ற இனச்செல்லில் விதையின் வடிவத்துக்கு இரண்டு ஜீன், நிறத்துக்கு ஒன்றுமே இல்லை. அப்படி ஒரு மகரந்தம் மியாசிஸில் உண்டாகாது. சரியானவை நான்கு: உம, உப, சும, சுப. எழுதி முடித்ததும் ஒவ்வொன்றிலும் விரல் வைத்து ‘வடிவத்துக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று’ என்று சொல்லிப் பார்க்கட்டும். நான்கையும் மேலே வரிசையாக, அதே வரிசையில் இடப்பக்கம் கீழாக எழுதினால் 16 கட்டம். உருண்டை மஞ்சள், உருண்டை பச்சை, சுருக்க மஞ்சள், சுருக்க பச்சை என்று எண்ணினால் 9:3:3:1. சரிபார்க்க ஒரு குறுக்கு வழி: உருண்டை வர நான்கில் மூன்று, மஞ்சள் வர நான்கில் மூன்று, பெருக்கினால் பதினாறில் ஒன்பது. அதே வரிசையில் மெண்டலின் எண்கள் 315, 108, 101, 32. மொத்தம் 556. பதினாறால் வகுத்துப் பார்க்கட்டும், எவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறது என்று தெரியும்.

விடையில் பெற்றோர், இனச்செல், முதல் தலைமுறை, மறுபடி இனச்செல், இரண்டாம் தலைமுறை, விகிதம் என்று ஆறு வரியும் தனித்தனியாக இருக்கட்டும். கடைசியில் சறுக்கினாலும் முந்தைய படிகளுக்கு மதிப்பெண் கிடைக்க வழி உண்டு.

சொல் விஷயத்தில் ஒரு சிரமம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கே உரியது. புத்தகத்தில் ‘மகரந்தச் சேர்க்கை’, வெளியே காதில் விழுவது மலையாளத்தின் ‘பராகணம்’; இங்கே ‘சூழ்மண்டலம்’, அங்கே ‘ஆவாசவ்யவஸ்த’. பிளஸ் ஒன் சயின்ஸ் போனால் ஆங்கிலம். நோட்டின் பின்பக்கத்தில் மூன்று பத்தி போட்டு, நாளுக்கு ஐந்து சொல் எழுதி வைத்தால் போதும்.

உணவு வலைக்குக் கழுகும் பாம்பும் எதற்கு? லயத்து (தோட்டக் குடியிருப்பு) வாசலில் இருக்கிற தேயிலையை எழுதட்டும். தேயிலைச் சாற்றை உறிஞ்சுவது செஞ்சிலந்திப் பேன், அதைத் தின்பது பொறிவண்டு, பொறிவண்டைப் பிடிப்பது சிலந்தி, சிலந்தியைக் கொத்துவது குருவி. மழை இல்லாத மாதங்களில், நிழல்மரம் இல்லாத காட்டில் பேன் பெருகுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ‘ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும்’ என்ற கேள்விக்கும் இங்கேயே விடை உண்டு: மருந்தில் பொறிவண்டு செத்தால் மிஞ்சிய பேன் தடையில்லாமல் பெருகும். பெரியாறு புலிகள் காப்பகத்தை எழுதினால் புல், கடமான், புலி. பக்கக் கிளையாகச் செந்நாய். அம்புக்குறி தின்னப்படுவதிலிருந்து தின்பதை நோக்கிப் போக வேண்டும். அது ஆற்றல் போகும் திசை. பலர் தலைகீழாகப் போடுகிறார்கள். ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் அடுத்ததற்குப் போகும் என்கிற பத்து சதவீத விதி செடியிலிருந்து மேலேதான். சூரிய ஒளியிலிருந்து செடிக்கு ஏறுவது சுமார் ஒரு சதவீதம். ஆக 1,00,000 அலகு ஒளி என்றால் செடியில் 1,000, கடமானில் 100, புலியில் 10.

செடிகளை எண்ணும் பயிற்சிக்கு நான்கு குச்சியும் நான்கு மீட்டர் கயிறும் போதும். ஒரு மீட்டர் சதுரம் கட்டி, பத்து இடத்தில் போட்டு, ஒரு களையை எண்ணட்டும். பத்தில் ஆறு சதுரத்தில் மொத்தம் 24 செடி என்றால் அடர்த்தி (எல்லாச் சதுரத்துக்கும் சராசரி) 2.4, நிகழ்வெண் (செடி இருந்த சதுரங்களின் பங்கு) 60 சதவீதம், மிகுதி (செடி இருந்த சதுரங்களுக்கு மட்டும் சராசரி) 24ஐ ஆறால் வகுத்து 4. அடர்த்திக்குப் பத்தால், மிகுதிக்கு ஆறால். இது மாறிப்போகாமல் பார்க்க வேண்டும். செடி அதிகம் இருக்கும் இடமாகத் தேர்ந்து போட்டால் கணக்கே பொய்யாகும். மருந்து அடித்த காட்டில் இறங்க விடாதீர்கள். வனத்தோரமும் வேண்டாம், லயத்துத் திடல் போதும்.

பக்கத்தில் யாரிடமாவது ஏலச்செடி இருந்தால், மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை பூக்கும் நாளில் இன்னொன்றும் செய்யலாம். ஒரே தட்டையின் அடியில் இரண்டு சரம் தேர்ந்து, ஒன்றில் பூ விரியும் முன்பே கொசுவலைத் துணியால் பை தைத்துக் கட்டிவிடுங்கள், மற்றதைத் திறந்தே விடுங்கள். ஏற்கெனவே விரிந்த பூ இருந்தால் முதலில் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் பைக்குள்ளும் காய் வந்து ஏமாற்றும். இரண்டிலும் விரிந்த பூவைத் தினமும் எண்ணிக் குறித்து, மூன்று வாரம் கழித்துக் காயை எண்ணட்டும். பைக்குள் காய் அரிதாகவே இருக்கும். ஏலப்பூவுக்குத் தேனீ வர வேண்டும். காலையில் பூ விரிந்திருக்கும் நேரத்தில் மருந்து அடித்தால் ஏன் காய் குறைகிறது என்று, அந்த நோட்டை வைத்துக்கொண்டு உங்கள் மகளே எழுதுவாள்.