ஐஸ் வேண்டாம், காற்று போதும்

யாங்கோனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஏப்ரல் வெயில், கரண்ட் வந்து வந்து போகிறது. கட்டிலில் தலையணை மேல் லேப்டாப்பை வைத்துத்தான் ட்யூஷன் எடுக்கிறேன். அரை மணியில் அடுப்பாகச் சுடுகிறது. ஐஸ் பையைத் துணியில் சுற்றி அடியில் வைக்கச் சொல்கிறார் அண்ணன். வைக்கலாமா?"

வேண்டாம். ஐஸ் தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்தால் சற்று நேரத்தில் வெளியே முத்து முத்தாக வேர்க்கிறதல்லவா? அதே ஈரம் லேப்டாப்புக்குள்ளும் பூக்கும். உங்கள் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம். மழைக்காலத்தில் 25 டிகிரிக்குக் குளிர்ந்த பொருள்கூட வேர்த்துவிடும். பிரிட்ஜில் வைத்து எடுப்பதும் இதே கதைதான்.

உண்மையான குற்றவாளி தலையணை. பெரும்பாலான லேப்டாப்கள் அடிப்பக்கம் காற்றை இழுத்து, பக்கவாட்டிலோ பின்னாலோ வெளியே தள்ளும். பஞ்சு அந்த வாயை அடைத்துவிடுகிறது. சமதளப் பலகையில் வையுங்கள். பின்பக்கக் கால்களுக்கு அடியில் இரண்டு சோடா பாட்டில் மூடிகளைக் கொடுத்துத் தூக்கினாலே வித்தியாசம் தெரியும். பக்கத்தில் மேசை விசிறி ஓடட்டும். அறையே 37 டிகிரி, விசிறி என்ன செய்யும் என்று தோன்றலாம். வேலை செய்யும்போது உள்ளே சிப் 80, 90 டிகிரி வரை போகும். அதற்கு 37 டிகிரிக் காற்றும் குளிர்ச்சிதான். காசு கொடுத்துக் கூலிங் பேட் (லேப்டாப்புக்கு அடியில் வைக்கும் விசிறித் தட்டு) வாங்குவதை இரண்டாம் பட்சமாகத்தான் சொல்வேன்.

அப்புறம் தூசி. இரண்டு மூன்று வருடம் ஓடிய லேப்டாப்பைத் திறந்தால், விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துண்டு போல ஒரு படலம் ஒட்டியிருக்கும். அணைத்துவிட்டு, சார்ஜரைக் கழற்றி, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். விசிறியை ஒரு பல்குச்சியால் பிடித்துக்கொண்டு, காற்றடிக்கும் ப்ளோயரால் தூசியை ஊதுங்கள். ப்ளோயரின் வேகத்தில் விசிறி சுழன்றால், அதைத் தாங்கிச் சுழலவைக்கும் பேரிங் போய்விடலாம். திறந்து பழக்கமில்லை என்றால் கடையில் கொடுத்துவிடுங்கள்.

கரண்ட் வந்ததும் சார்ஜும் போட்டு, வீடியோ வகுப்பும் நடத்தினால் சூடு இன்னும் ஏறும். முடிந்தால் முதலில் சார்ஜ் ஏறட்டும். செட்டிங்ஸில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வரம்பு இருந்தால், கரண்ட் ஒழுங்காக இருக்கும் நாட்களில் அதைப் போட்டு வையுங்கள், பேட்டரிக்கு நல்லது.

டச்பேட் மேலெழும்பினாலோ அடிமூடி பிதுங்கினாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அப்போது உடனே அணைத்து, சார்ஜ் போடாமல், அழுத்தாமல், குத்தாமல் கடைக்கு எடுத்துப் போங்கள். போகும் வரை கட்டில் மேல் மட்டும் வைக்காதீர்கள்.