புது வேலையில் குறும்பு செய்யலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் சோதனைக்கூடத்தில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. வேலை சொல்லித்தரும் அண்ணன் சிரித்தே பார்த்ததில்லை. அவர் சாப்பாட்டு டப்பாவை ஒளித்துவைத்து விளையாடலாமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: டப்பாவைத் தொடாதீர்கள், தம்பி. சீசன் நேரத்தில் கிளிமூக்கு மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும்போது, சாப்பிடக் கிடைப்பதே பத்து நிமிஷம். அதில் கை வைத்தால் யாருக்குச் சிரிப்பு வரும்?

தருமபுரியில் நான் முதல் வேலையில் சேர்ந்த மாதம், பக்கத்து மேசைக்காரரின் செருப்பை அலமாரிக்குப் பின்னால் ஒளித்தேன். அன்றைக்கென்று பார்த்து, மகளுக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. தார் கொதிக்கிற வெயிலில் வெறுங்காலோடு பேருந்து நிலையத்துக்கு ஓடினார். அந்தக் கால்கள் இன்னும் என் கண்ணிலேயே நிற்கின்றன.

உங்கள் கையிலேயே நல்ல குறும்பு ஒன்று இருக்கிறது. கூழின் இனிப்பைப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இருக்கிறதல்லவா? டீ நேரத்தில் அதன் கண்ணாடியில் இரண்டு சொட்டு நல்ல தண்ணீர் விட்டு, "அண்ணே, இது என்ன ரகம், பாருங்க" என்று நீட்டுங்கள். பிரிக்ஸ், அதாவது இனிப்பின் அளவு, பூஜ்யம் காட்டும். பழகிய கண், உடனே பிடித்துவிடுவார். பிடிக்கட்டும், அவருக்கும் பெருமைதானே! துடைத்துவைத்துவிடுங்கள். நிஜ மாதிரியிலோ பதிவேட்டிலோ மட்டும் விளையாடவே கூடாது.

அவர் சிரித்தாரா என்று ஒரு வரி எழுதுங்கள்.